அழகு என்று சொல்லிவிட்டால்

1

எங்கார்னா என்னோடு பேசாமல் இருந்த மூன்று வாரமும் எலுமிச்சை வரத்து உச்சத்தில் இருந்தது. ஓடும் பெல்ட்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அடிபட்ட காயை இடது கூடையில் போட வேண்டும், பச்சைக் காயை வலது கூடையில் போட வேண்டும். எட்டு மணி நேரம் எதிரெதிரே நின்றுகொண்டு, காயை மட்டும் பார்த்துக்கொண்டு, பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் மோகனூரில் பிறந்தவள். திருச்செங்கோட்டுப் பக்கம் வாக்கப்பட்டேன். என் கணவர் செல்வராசு போர்வெல் ரிக் வண்டியில் கம்ப்ரசர் வேலை பழகியவர். கிணறு தோண்டும் கம்பெனி ஒன்று அவரை ஸ்பெயினுக்குக் கூப்பிட்டது. தென்கிழக்கில் முர்சியா என்ற காய்ந்த சமவெளிக்கு நாங்கள் வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. வந்தபோது எங்கள் மகள் இனியாவுக்கு ஐந்து வயது. நான் ஊருக்கு வெளியே உள்ள எலுமிச்சைக் கொட்டகையில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன்.

எங்கார்னாவின் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெண்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்கள். கே குவாப்போ என்றாள் ஒருத்தி. எவ்வளவு அழகன் என்று அர்த்தம். கே ஓஹோஸ் என்றாள் இன்னொருத்தி. என்ன கண்கள். கே, கே, கே என்று ஒரே சத்தம். என் முறை வந்தது. குழந்தையை வாங்கினேன். பஞ்சு மாதிரி இருந்தது. பார்த்ததும் எனக்கு மனசெல்லாம் இளகிப்போய்விட்டது. அப்படி இளகினால் எங்கள் ஊரில் என்ன சொல்வோமோ அதைத்தான் சொன்னேன். கே ஃபேயோ.

எவ்வளவு அசிங்கம்.

நாமக்கல் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழகான குழந்தையைப் பார்த்து அழகு என்று சொல்ல மாட்டோம். எலிக்குஞ்சாட்டம் இருக்கறான் என்போம். கருவாப்பயலே என்போம். வாய் ஒன்று சொல்லும், கை அள்ளிக் கொஞ்சும். கேட்கிறவர்களுக்கும் அது புரியும். முர்சியாவில் புரியவில்லை. எங்கார்னாவின் மகள் என் கையிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, ரொம்ப மெதுவாகத்தான் எடுத்தாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்கு வந்து இனியாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். யார் குழந்தை என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“அம்மா, எங்கார்னாவோட பையனோட மகன் என் கிளாஸ்ல இருக்கான். நாளைக்கு எல்லாருக்கும் தெரியும்.”

“நான் வேணும்னா சொன்னேன்?”

“நீ ஏன் பேசறே? வேலைக்குப் போனா வேலை மட்டும் செய்.”

இதை அவள் ஸ்பானிஷில் சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். அன்றைக்கே பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் பெயர் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

2

பெயர் கொடுக்கப் போனால் பெயரே தகராறு. இங்கே ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பின்னால் இரண்டு குடும்பப் பெயர் இருக்க வேண்டும்; அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. எனக்குப் பூங்கொடி என்ற பெயரும் முன்னால் ஒரு எழுத்தும்தான். அந்த எழுத்து என்ன என்று கேட்டார்கள். அப்பா பழனிசாமி என்றேன். அதனால் பத்து வருடமாக இந்த நாட்டின் எல்லா அலுவலகத்திலும் நான் பழனிசாமி அம்மாள். வரிசையில் பழனிசாமி என்று கூப்பிட்டால் எழுந்து போகிறேன். செத்துப்போன என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் போய்க் கையெழுத்துப் போடுகிறேன் என்று முதலில் ஒரு மாதிரி இருக்கும். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்று இப்போது ஒரு மாதிரி இருக்கிறது.

பள்ளியில் சேர இன்னொரு காரணமும் இருந்தது. பத்து வருடம் முடிந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். செல்வராசுவுக்குக் கம்ப்ரசரின் பாகங்களும் நாலைந்து கெட்ட வார்த்தைகளும்தான் ஸ்பானிஷில் தெரியும். “நீ மொதல்ல எழுதிப் பாரு” என்று என்னைத் தள்ளிவிட்டார்.

ஆசிரியை பிலார் ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். வகுப்பில் நாங்கள் பதினோரு பேர்: மொராக்கோ, உக்ரைன், செனகல், நான். மூன்றாம் வாரம் பலகையில் தலைகீழாக ஒரு ஆச்சரியக்குறியைப் போட்டார். ஸ்பானிஷில் ஆச்சரியக்குறி வாக்கியத்தின் கடைசியில் மட்டும் வராது, தொடக்கத்திலும் தலைகீழாக நிற்கும். “கடைசியில் வந்து ஆச்சரியப்பட்டால் என்ன பயன்? ஆரம்பத்திலேயே வாயைத் திறக்க வேண்டும்” என்றார்.

பாடம் கடினமில்லை. கே என்று தொடங்கி ஒரு பண்பைச் சொன்னால் போதும். கே போனீத்தோ, எவ்வளவு அழகு. பண்புக்குப் பதில் பொருளையும் சொல்லலாம். கே கலோர், என்ன வெயில். பொருளும் பண்பும் சேர்ந்து வந்தால் நடுவில் ‘மாஸ்’ என்றோ ‘தான்’ என்றோ ஒரு சொல் போட வேண்டும். கே காசா மாஸ் கிராந்தே, எவ்வளவு பெரிய வீடு. செயலை வியந்தால் கோமோ: கோமோ யுவேவே, மழை எப்படிக் கொட்டுகிறது. அளவை வியந்தால் குவாந்தோ. பரிதாபத்துக்கும் இதே அச்சுதான்: கே பேனா, எவ்வளவு பாவம். பண்புச்சொல் பொருளின் பாலைப் பார்த்து முடிய வேண்டும். கோசா என்றால் பொருள், அது பெண்பால். அதனால் ஆண் குழந்தையைக் கொஞ்சினாலும் கே கோசா மாஸ் போனீத்தா என்றுதான் வரும். ‘எத்தனை அழகான பொருள்.’ அந்த வாக்கியம் எனக்கு ஏனோ பிடித்துப்போனது. பெல்ட்டில் நிற்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டைப் பற்றிப் பத்து ஆச்சரிய வாக்கியங்கள் எழுதுக.

இரண்டு எழுதினேன். மேசையில் நோட்டை வைத்துக்கொண்டு சமையலறையைப் பார்த்தேன், கூடத்தைப் பார்த்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். செல்வராசு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, கொழம்பு எப்படி இருக்குது?”

“ஏன், கெட்டுப்போச்சா?”

“இல்லீங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குதுன்னு சொல்றதில்ல?”

“தின்னுட்டுத்தான இருக்கறேன்” என்றார்.

அறைக்குள் இனியா படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் நன்றாக வரைவாள் என்று அவள் பள்ளியிலிருந்து இரண்டு முறை கடிதம் வந்திருக்கிறது. நான் பார்த்துவிட்டு “சரி, படிக்கறதையும் பாரு” என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கதவு வரை போனேன். கே தீபூஹோ மாஸ் போனீத்தோ, எவ்வளவு அழகான படம். வாக்கியம் சரியாகத்தான் இருந்தது, வாயில் வந்தது வேறு. “துணி காயப் போடோணும், வா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எங்கார்னாவிடம் மட்டும் சொன்னேன். அடுத்த முறை அவள் பேரனைத் தூக்கி வந்தபோது போய் நின்று, மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன். எங்கள் ஊரில் அழகை மறைத்துத்தான் சொல்வோம் என்று இருக்கிற ஸ்பானிஷையெல்லாம் கொட்டி விளக்கினேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, “அப்படியானால் உங்கள் ஊர்க் குழந்தைகள் தாங்கள் அழகு என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்?” என்றாள். 

3

குடியுரிமைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். என்னுடையதில் பெயரே இல்லை. ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் பிறந்த அன்றே பதிந்துவிடுவார்கள். பெயர் பிறகு வைப்பதுதானே. யாரும் போய்ச் சேர்க்கவில்லை. ஆக, முர்சியாவில் நான் பழனிசாமி, மோகனூரில் நான் பெண் குழந்தை. பெயரைச் சேர்க்க நேரில்தான் போக வேண்டும் என்றான் என் தம்பி செந்தில்.

போக வேண்டியதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. செந்திலுக்கும் கோமதிக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துக் குழந்தை பிறந்திருந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். இரண்டு முறை தங்கிக் கலைந்துபோனது. கோமதி விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இப்போது கவின் பிறந்து நாலு மாதம்.

ஜூலையில் இனியாவுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு பேரும் கிளம்பினோம். செல்வராசுவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அவள் ஊருக்கு வருவது ஆறு வருடத்துக்குப் பிறகு. விமானத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “அத்தைக்கு என்னைப் பிடிக்குமா?” பிடிக்காமல் என்ன என்றேன்.

4

செந்திலின் வீடு கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. முன்னால் கொஞ்சம் சிமென்ட் போட்ட இடம், பக்கவாட்டில் மண் வாசல். தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும் அங்கேதான். வண்டி நின்றதும் கோமதி ஓடி வந்தாள்.

“வாங்க நங்கை. வா கண்ணு. எப்படி வளந்துட்டா பாருங்க.” எங்கள் பக்கம் புருசனின் அக்காவை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

கவினுக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, உள்ளங்காலில் ஒன்று, கையில் வசம்பு வளையல், இடுப்பில் கறுப்புக் கயிறு. அத்தனை காவலுக்கு நடுவிலும் அவன் அழகாக இருந்தான். கண்ணைச் சுருக்கி ஆளைப் பார்த்துவிட்டு வாய் முழுக்கச் சிரிப்பான். நான் ஊர் வழக்கப்படி, “ஏண்டா, நரியாட்டம் முழிக்கறே” என்றேன். கோமதிக்குச் சந்தோசம். என்னிடம் கொடுத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.

கூடத்தில் நானும் அவனும் மட்டும். தம்பியின் மூக்கு, அப்பாவின் நெற்றி. இத்தனை வருடமாகப் போனில் கேட்ட கோமதியின் அழுகை எல்லாம் நினைவுக்கு வந்தது. குனிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். கே கோசா மாஸ் போனீத்தா.

சொன்னதும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இந்த மொழி இங்கே யாருக்கும் தெரியாது, அதனால் இது கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததிலேயே எனக்குள் இருக்கும் பயம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனியா குளித்துவிட்டு வந்தாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. அந்தப் பழக்கமே அவளுக்கு இல்லை. ஸ்பானிஷில் யோசித்துத் தமிழில் பேசினாள், வீடு முழுக்கக் கேட்கும்படி.

“அத்தே, எவ்வளவு அழகான பையன். எவ்வளவு பெரிய கண்ணு. எப்படிச் சிரிக்கிறான் பாருங்க. நான் பாத்ததுலயே இவன்தான் அழகு.”

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கோமதியின் முகத்தில் ரத்தமே இல்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. ராத்திரியெல்லாம் அழுதுட்டே கெடக்கறான். சத்தே இல்ல” என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

இனியாவுக்குப் புரியவில்லை. “இல்ல அத்தே, நல்லாத்தான் இருக்கான், குண்டா” என்றாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

5

மறுநாள் மதியத்திலிருந்து குழந்தை பால் குடிக்கவில்லை. சாயங்காலம் உடம்பு சுட்டது. காய்ச்சல் சொட்டு மருந்து கொடுத்தும் இறங்கவில்லை.

நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோமதி பக்கவாட்டு வாசலுக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தாள். கொஞ்ச நேரம் முன்னால் இனியா அங்கே கால் கழுவிவிட்டுப் போயிருந்தாள். ஈர மண்ணில் அவள் கால் தடம் அப்படியே இருந்தது. கோமதி அதிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். உள்ளே வந்து அதோடு உப்பும் மிளகாயும் சேர்த்துக் குழந்தையை மூன்று சுற்றுச் சுற்றி, கையிலிருந்ததை அடுப்பில் போட்டாள். உப்பு வெடித்தது.

“பாத்தீங்களா நங்கை, நெடியே வரலீங்க” என்றாள். மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. அல்லது வரவில்லை என்று தோன்றியது.

இனியா வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“அம்மா, அது நான் மிதிச்ச மண்ணுதானே?”

“சும்மா ஒரு பழக்கம், வா.”

“எதுக்கு என் கால் மண்ணு?”

அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். கண் என்றால் என்ன, வாய்விட்டு அழகு என்று சொன்னால் என்ன ஆகும் என்று நம்புகிறார்கள், எல்லாம். அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு ஸ்பானிஷுக்கு மாறினாள்.

“நான் அவனுக்கு ஏதோ செய்துவிட்டேன் என்று நினைக்கிறார்களா?”

“இல்லை” என்றேன்.

சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி தயங்கிவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“நீயும் நினைக்கிறே” என்றாள். இது தமிழில்.

அதற்குப் பிறகு இனியா மண்ணில் கால் வைக்கவில்லை. தொட்டிக்குப் போக வேண்டுமென்றாலும் சிமென்ட் ஓரத்திலேயே ஒட்டி ஒட்டி நடந்து, செங்கல் மேல் ஏறி நின்று தண்ணீர் மொண்டாள். குழந்தை இருக்கும் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே வந்து தட்டைப் பார்த்துக்கொண்டே போனாள்.

6

காலையில் செந்தில் குழந்தையை நாமக்கல்லுக்கு, டாக்டரிடம் கொண்டுபோனான். காதுக்குள் சீழ், அதனால் காய்ச்சல் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தும் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்பது கோமதிக்கும் தெரியும். தெரிந்து என்ன. பதினோரு வருடத்தில் பார்த்த டாக்டர்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“நங்கை, தப்பா நெனைக்காதீங்க. இனியாவெ ஒரு ரெண்டு நாளைக்குத் திருச்செங்கோட்டுல உங்க ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வந்தா பரவால்லீங்க. கொழந்தைக்குச் செரியாகற வரைக்கும்.”

கத்தியைக் கீழே வைத்தேன். திருச்செங்கோட்டில் என் மாமனார் வீடு இருக்கிறது. இனியாவைக் கொண்டுபோய் விடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் அமைதியாக முடிந்திருக்கும். அவள் பதினைந்து வயதுப் பெண். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள், எதுவும் கேட்க மாட்டாள். கேட்காமலேயே வாழ்நாளெல்லாம் வைத்திருப்பாள்.

“கோமதி, அவ சொன்னது ரெண்டாவதா” என்றேன். “மொதல்ல சொன்னது நானு.”

“என்னங்க?”

“நீ காப்பி போடப் போனப்ப. கொழந்தை காதுல சொன்னேன். அந்த ஊரு பாஷையில.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “என்னன்னு சொன்னீங்க?”

சொன்னேன். அவளுக்கு எப்படிப் புரியும். தமிழில் சொல்லச் சொன்னாள். முர்சியாவில் நோட்டுப் போட்டுப் படித்த வாக்கியம் தமிழில் வரும்போது நாக்கு தடுமாறியது. “எத்தனை அழகு பாரு, எத்தனை… இப்படி ஒண்ணு எங்கிருந்துதான் வந்துச்சோன்னு” என்று என்னென்னவோ சொன்னேன். பிலார் கேட்டிருந்தால் அது மொழிபெயர்ப்பே இல்லை என்றிருப்பார்.

பக்கவாட்டு வாசலுக்கு இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நன்றாக ஊன்றி ஒரு தடம் பதித்தேன். “இதையும் எடு. எடுக்கறதுன்னா ரெண்டு பேர்தும் எடு. அவளெ மட்டும் அனுப்பச் சொல்லாத.”

கோமதி படியிலேயே நின்றாள். அழுவாள் அல்லது கோபப்படுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பதினோரு வருசமா என்னெப் பாத்தவங்கெல்லாம் பாவம், பாவம்னுதான் சொன்னாங்க நங்கை” என்றாள். “எத்தனை பாவம் பாரு, எத்தனை கொடுமை பாருன்னு எம் முன்னாலயே சொல்லுவாங்க. அதுக்கு யாருமே பயப்படல. இப்பத்தான் ஒருத்தி வந்து அழகுன்னு சொல்றா. கேக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க. கேட்டா ஈரக்கொலை நடுங்குது. நான் என்ன பண்றதுங்க?”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்கு வியக்கத் தெரியாது என்று முர்சியாவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இரக்கப்படும்போது தாராளமாக வியக்கிறோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்தாள். என் தடத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். எடுக்காமல் விட அவளால் முடியவில்லை. நானும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் இனியாவை அனுப்பும் பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கவின் பால் குடித்தான், சிரித்தான். மருந்தா, மண்ணா என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. கோமதி இனியாவின் தட்டில் தோசையை மடித்து வைத்து, “சாப்புடு சாமி, எளச்சுப் போயிட்டே” என்றாள். இனியா “போதும் அத்தே” என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் அதற்குமேல் வழி இல்லை. அலுவலகத்தில் என் சான்றிதழில் பெயர் ஏறியது. நாற்பத்து மூன்று வயதில் பூங்கொடி ஆனேன். கிளம்பும்போது கோமதி வண்டி வரை வந்தாள். குழந்தை உள்ளே தூங்குகிறது என்றாள்.

7

திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எலுமிச்சை வரத்து இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. வீட்டில் இருந்தால் அலமாரியை அடுக்குகிறேன், அடுக்கியதைக் கலைக்கிறேன். தேர்வு எழுதிவிட்டேன். முடிவு வரவில்லை. வந்தால் அடுத்து விண்ணப்பம், அது ஏற்கப்பட்டால் உறுதிமொழி, பிறகு கையில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெயர் சேர்க்க அவ்வளவு தூரம் போனதே அதை விட்டுக்கொடுக்கத்தான். இதைச் செல்வராசுவிடம் சொன்னால், “முடிவு வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்” என்கிறார். எல்லாவற்றுக்கும் அவருக்கு அதுதான் பதில்.

இனியா என்னிடம் ஸ்பானிஷில்தான் பேசினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்பானிஷில் பதில் சொல்வாள். ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். அவள் அறைக் கதவுக்கு ஒரு நாள் போய், நேராகச் சொன்னேன். படம் நன்றாக இருக்கிறது என்று தமிழில் சொன்னேன். வரைந்துகொண்டே, “பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும்” என்று ஸ்பானிஷில் சொன்னாள். கேட்டாளா, கேட்காத மாதிரி இருந்தாளா என்று இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்வதற்கு நான் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்டேன். அவளும் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளட்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த இனியாவின் போன் அடித்தது. கோமதி. என் எண்ணுக்கு அடிக்காமல் அவள் எண்ணுக்கு அடித்திருந்தாள், வீடியோவில். இனியா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

எடுத்தாள். எடுத்த கையோடு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

“சாமி, இனியா, இருட்டா இருக்குதே. தெரியறனா?” கோமதியின் குரல் மேசைக்கு அடியிலிருந்து வருவது மாதிரி கேட்டது. பின்னால் குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தான்.

“அத்தே” என்றாள் இனியா. மூன்று மாதத்தில் நான் கேட்ட முதல் தமிழ்ச் சொல். “பக்கத்துல கவின் இருக்கானா?”

“இருக்கறான், மடியிலதான்.”

“நான் பாக்கலாமா?”

 நான் குழாயை மூடினேன். கோமதி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பாரு சாமி. உனக்குக் காட்டத்தான கூப்பிட்டேன். நல்லாப் பாரு.”

இனியா போனை மெதுவாகத் திருப்பினாள். நான் நின்ற இடத்திலிருந்து எனக்குத் திரை தெரியவில்லை, அவள் முகம் மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உதடு ஏதோ சொல்லத் திறந்தது, மூடிக்கொண்டது.

“ஒண்ணும் சொல்ல மாட்டயா?” என்றாள் கோமதி.

“பல்லு வந்திருக்கா அத்தே?”

“ரெண்டு.”

“மேலயா, கீழயா?”

“கீழ. இரு, காட்டறேன். டேய், வாயைத் தொறடா. அக்கா கேக்கறா பாரு.”

“கடிப்பானா?”

“அதையேன் கேக்கறே. என்ற கையைப் பாரு, எப்படிப் பதிஞ்சிருக்குது” என்று கோமதி கையைக் காட்டியிருக்க வேண்டும். இனியா நாற்காலியை இழுத்துப் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.